தொட்டி மீனுக்கு உப்பு வேண்டுமா?

மலைநாட்டார்க்கு உப்பு ஒரு காலத்தில் எளிதிற் கிட்டாத பண்டமாயிருந்தது. 1766ஆம் ஆண்டில் ஒல்லாந்தரோடு செய்துகொண்ட உடன்படிக்கையினால் கண்டி அரசு தன் கரையோரம் முழுவதையும் இழந்தது. புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் விளைந்த உப்பு பொதிமாடுகளின் முதுகிலேறி, தவளந் தவளமாக மலைக்கு வந்து சேர்ந்தது. அவ்வளவு அருமைப்பட்ட பொருளை அக்காலத்தார் அள்ளி எறிந்திருக்க மாட்டார்கள். இன்று கண்டி மாநகரிலும், பேராதனை, கட்டுகஸ்தோட்டை, குண்டசாலைப் பகுதிகளிலும் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வீடுகள் சிலவற்றில், வாரத்துக்கொரு கைப்பிடி உப்பைத் தண்ணீரில் இடும் வழக்கம் இருக்கக் காண்கிறோம். காரணம் வினவினால், “மீன் சுகமாயிருக்கும், நோய் அண்டாது” என்ற விடை வருகிறது. இவ்விடையில் உண்மை எவ்வளவு என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

முதலில் மீனின் உடலைப் பார்க்கவேண்டும். நன்னீர் மீனின் இரத்தத்தில் லீற்றருக்கு ஏறக்குறைய 9 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. கடல்நீரில் 35 கிராம். மகாவலியின் நீரிலோ உப்பு இல்லையென்றே சொல்லிவிடலாம். மாணவர்கள் பாடசாலையிற் படிக்கும் பிரசாரணம் என்னும் நிகழ்ச்சி இங்கே இடைவிடாது நடைபெறுகின்றது. உலர்ந்த முந்திரிகை வற்றலைத் தண்ணீரில் இட்டால் அது ஊதிப் பருப்பதுபோல, மீனின் உடலுக்குள்ளும் செவுள் வழியாகத் தண்ணீர் புகுந்தவண்ணமே இருக்கும். மீன் ஊதி வெடித்துவிடாமல் இருப்பதற்குக் காரணம், அதன் சிறுநீரகம் அத்தண்ணீரை ஓயாது வெளியேற்றுவதே. வெளியேறும் நீரோடு சிறிது உப்பும் போய்விடும். அவ்விழப்பைச் செவுளிலுள்ள தனிக் கலங்கள் வெளிநீரிலிருந்து துளித்துளியாக உறிஞ்சி ஈடுசெய்கின்றன. உப்பைக் கையாளும் இத்தகைய கலங்களை 1932ஆம் ஆண்டில் கீஸ், வில்மர் என்னும் இரு ஆய்வாளர் விலாங்கு மீனின் செவுளிற் கண்டு வெளியிட்டனர்.

ஆகவே நன்னீர் மீனுக்கு உப்பில்லாத நீரில் வாழ்வது தண்டனையன்று. அதற்கென்றே அமைந்த உடல் அதற்குண்டு. ஆனால் அம்மீன் காயமுற்றாலோ, நோயுற்றாலோ, நெடுந்தூரம் பையிலடைத்துக் கொண்டுவரப்பட்டாலோ இவ்வேலை அதற்குப் பாரமாகிவிடுகின்றது. அப்போது வெளிநீரிற் சிறிது உப்பிருந்தால் பாரம் குறையும். உப்பின் நன்மை முழுவதும் இந்த இடத்திலேதான் இருக்கிறது. காய்ச்சற்காரனுக்குக் கஞ்சி நல்லது. நாளும் பொழுதும் எல்லார்க்கும் கஞ்சியே கொடுப்பாருண்டோ?

இனி நமது தண்ணீரை நோக்குவோம். கண்டிக் குழாய்களில் வருவது கெட்டம்பேயில் மகாவலியிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கும் நீரும், துனுமடலாவைக் காட்டு நீர்த்தேக்கத்தின் நீரும் ஆகும். எளிதிற் கரையாத கருங்கற் பாறைகளின்மீது ஓடிவரும் மழைநீராதலின் இது மென்னீர்; சவர்க்காரம் எளிதில் நுரைக்கும். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக்கற் பாறையில் அமைந்தவை. அங்கே கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு தோன்றும். மென்னீருக்கு உப்பிட்டால் அது வன்னீராகும் என்று சிலர் எண்ணுகின்றனர். ஆகாது. நீரின் வன்மை கல்சியம், மகனீசியம் ஆகியவற்றால் வருவது. கறியுப்பு சோடியங் குளோரைட்டு. குழாய்நீரிலுள்ள குளோரீன் வாயுவையும் உப்பு போக்காது. அதற்கு நீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருத்தலே எளிய வழி.

இம்மென்னீர் நம் நாட்டு ஓடை மீன்களுக்கு உகந்தது. தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலடர்ந்த ஓடைகளில் வாழ்கின்ற ‘லே தித்தயா’ என்னும் செந்நிறச் சிறுமீனும், வெற்றிலை மெல்பவன் என்று பொருள்படும் ‘புலத் ஹப்பயா’ என்னும் மீனும் உலகில் இலங்கைக்கே உரியவை. ஐரோப்பியர், அமெரிக்கர் வீட்டுத் தொட்டிகளிலெல்லாம் இடம்பிடித்த பெருமை அவற்றுக்குண்டு. தொட்டிக்கு அழகு தரும் கிரிப்டோகொரைன் செடிகளுட் பலவும் நம் ஓடைக்கரைகளுக்கே உரியன. உப்பையே அறியாத நீரிற் பிறந்த இவற்றுக்கு வாராவாரம் உப்பிடுவது எதற்காகவோ, நமக்கு விளங்கவில்லை.

உப்பிடுதலிலும் பெரிய பிழை, அதைக் கணக்கின்றி இடுதல். இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமுமுள்ள தொட்டி ஏறத்தாழ 56 லீற்றர் கொள்ளும். மணலும் மேலே விடும் வெளியும் போக 45 லீற்றர் எனக் கொள்வோம். ஒரு கைப்பிடி உப்பு 30 கிராம். தொட்டியில் நீர் குறையக் குறைய வாளியால் ஊற்றி நிரப்புகிறோம். குறைந்தது நீர் மட்டுமே, உப்பு ஆவியாகாது. ஆனையிறவில் வெயில் நீரைக் கொண்டுபோக, உப்புப் பாத்தியிலே தங்கிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு வாரங்களில் 360 கிராம் சேர்ந்துவிடும். அதாவது லீற்றருக்கு 8 கிராம். மீனின் இரத்தத்தளவை அண்மிவிட்டது!

உப்பு மெல்ல மெல்ல ஏறியதால் கப்பியும் பொன்மீனும் ஒருவாறு பழகிச் சிலகாலம் பொறுத்திருக்கும். செடிகள் அதற்கு முன்னரே அழுகிவிடும். இந்நிலையிற் பிள்ளைகள் கடையிலிருந்து ஆசையோடு இரண்டு புதிய மீன்களை வாங்கிவந்து விடுகிறார்கள். விடிந்ததும் அவை மிதக்கின்றன. பழைய மீன்கள் நலமாக நீந்துவதைக் கண்ட வீட்டார், நோய் மீனை விற்றுவிட்டாரென்று கடைக்காரரை வைகின்றனர். குற்றம் கடையிலுமில்லை, மீனிலுமில்லை. ஒரே இரவில் நன்னீரினின்று உவர்நீருக்கு வந்ததே அவற்றின் முடிவு. பிள்ளைகள் அழுவதுதான் மிச்சம்.

உப்பு மருந்தாகப் பயன்படும் சந்தர்ப்பங்கள் இரண்டை இனிச் சொல்வோம். முதலாவது, புதுத்தொட்டி. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகின்றது. அதைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும், பின் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். இப்பற்றீரியாக்கள் மணலிலும் வடியிலும் பெருகுவதற்கு நாலாறு வாரம் செல்லும். அதற்கிடையில் மிகும் நைத்திரைற்று, மீனின் இரத்தத்தைக் கபிலநிறமாக்கி மூச்சைத் திணறடிக்கும். நைத்திரைற்றும் உப்பிலுள்ள குளோரைட்டும் செவுளில் நுழைவது ஒரே வாயிலால். குளோரைட்டு மிகுந்திருந்தால் நஞ்சுக்கு இடம் கிடைக்காது. இதற்கு வேண்டியது எவ்வளவு? நம் 45 லீற்றர்த் தொட்டிக்கு ஒரே ஒரு தேக்கரண்டி. கைப்பிடி அன்று.

இரண்டாவது, வெண்புள்ளி நோய். மார்கழி, தை மாதங்களில் கண்டியின் இரவுகள் குளிர, தொட்டிநீரும் குளிர்ந்து மீன்கள் தளர்கின்றன. புதுமீனோடு வந்த ஒட்டுண்ணி பரவுகின்றது. மேனியெங்கும் ரவையைத் தூவியதுபோற் புள்ளிகள் தோன்றும். மீன் கல்லில் உடலை உரசும். புள்ளிக்குள் இருக்கும் உயிரை உப்பு தொடாது. அது விழுந்து, பலவாகப் பிரிந்து, புதிய மீனைத் தேடி நீந்தும் குறுகிய வேளையிலேதான் உப்பு அதைக் கொல்லும். ஆகவே இரண்டு நாளில் புள்ளி மறைந்ததென்று மருத்துவத்தை நிறுத்துதல் வீண். லீற்றருக்கு 2 முதல் 3 கிராம் வரை, தராசில் நிறுத்து, மூன்று பங்காக்கி, தனிப் பாத்திரத்திற் கரைத்து, இரண்டு நாளில் ஊற்றவேண்டும். பத்துப் பதினான்கு நாள் அவ்வாறே வைத்திருக்க வேண்டும். கெளிற்றினங்களுக்கும் மென்னீர்ச் சிறுமீன்களுக்கும் பாதியளவிலிருந்து தொடங்குதல் நன்று. செடிகளை முன்பே வேறு வாளிக்கு மாற்றிவிடுக. உப்புக் கல்லை நேரே மீன்மீது எறிவாருமுளர். அது புண்ணிலே எறிவதற்குச் சமம்.

நோய் நீங்கியபின் உப்பை எடுப்பதெப்படி? நீரை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. வாரந்தோறும் காற்பங்கு நீரை மாற்றினால், நான்காம் வாரத்தில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவான உப்பே எஞ்சும். மாணவர்கள் முக்காலை முக்காலால் நான்குமுறை பெருக்கிப் பார்க்கட்டும்.

அயடீன் கலந்த உப்பு மீனுக்கு நஞ்சு என்றொரு பேச்சும் உண்டு. அதிலுள்ள அயடீன் மிகமிகச் சிறிதளவே, அஞ்ச வேண்டியதில்லை. எனினும் கல்லுப்பு கைவசமிருந்தால் அதுவே போதும். மருந்துக்கடையில் விற்கும் எப்சம் உப்பு முற்றிலும் வேறு பொருள்; பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம்.

விதிவிலக்கு ஒன்றுண்டு. விடுமுறையில் யாழ்ப்பாணம் சென்ற பிள்ளைகள் மாமா வீட்டுத் தொட்டியிலிருந்து மொலி மீன்களைப் போத்தலில் கொண்டுவருவதுண்டு. மெக்சிக்கோ முதலான நாடுகளின் கழிமுகங்களிலும் வாழும் இனம் அது. வன்னீரும் சிறிது உவர்ப்பும் அதற்கு இயல்பு. நமது மென்னீரில் விட்டால் சிலநாளில் செட்டைகளை ஒடுக்கி, நின்ற இடத்திலேயே ஆடத் தொடங்கும். இதற்கு லீற்றருக்கு ஒரு கிராம் உப்பிடலாம். ஆனால் உப்பு வன்மை தராதென்று முன்னரே சொன்னோம். திகனைப் பக்கத்தில் வெட்டியெடுக்கும் டொலமைற்றுக் கல்லில் கல்சியமும் மகனீசியமும் இருக்கின்றன. சூளையில் சுடாத கல்லாகப் பார்த்து, ஒரு சிறு துண்டைக் கழுவித் தொட்டியில் இடுக. சுட்ட சுண்ணாம்பு மீனைக் கொன்றுவிடும். மொலிகளுக்கென ஒரு தனித் தொட்டி வைத்துக்கொள்வதும் அவசியம்; லே தித்தயாவையும் அவற்றையும் ஒரே நீரில் வைத்து இரண்டையும் மகிழ்விக்க இயலாது.