சத்தமில்லாப் பிள்ளைகள்

சென்னையிலிருந்து மதுரைக்குக் காரில் ஏறத்தாழ எட்டு மணி நேரம். பின்னிருக்கையில் நான்கு வயதுப் பிள்ளை, கையில் கைப்பேசி. "சமர்த்து, சத்தமே இல்லை" என்று பெற்றோர் பூரிக்கிறார்கள். இது சமர்த்தா, மயக்கமா என்று கேட்கிறேன்.

இரண்டு முதல் நான்கு வயதினர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை முன் அமரலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. என் வழக்கு அதனினும் பெரிது. வழிப்பயணத்தை வைத்தே ஆற்றுப்படை என்றோர் இலக்கிய வகையைக் கண்ட மொழி நம்முடையது. சிறுபாணாற்றுப்படை போற்றும் நல்லியக்கோடனின் கிடங்கில், இன்றைய திண்டிவனத்தைச் சேர்ந்தது. அவ்வூரைக் கடக்கையில் நம் பிள்ளை தலை நிமிர்வதேயில்லை.

"ஓட்டுபவருக்கு அமைதி வேண்டாமா?" என்பார்கள். வேண்டும்தான், உடன் வருவோர்க்கு வாயில்லையா? எழுத்தறிந்த பிள்ளையிடம், தாம்பரம் தாண்டியதும் கடைப் பலகைகளில் உயிரெழுத்துகளை வரிசையாகத் தேடச் சொல்லுங்கள். ஆய்தம் ஏதேனும் ஃபேன்சி ஸ்டோரில் அகப்பட்டுவிடும். ஔகாரத்துக்குள் விழுப்புரமே வந்துவிடும். எழுத்தறியாப் பிள்ளைக்குப் பாலங்களை எண்ணக் கொடுங்கள். மதுராந்தகம் ஏரி நிரம்பியிருக்கிறதா, தென்பெண்ணையில் நீர் ஓடுகிறதா, திருச்சி மலைக்கோட்டையை முதலில் காண்பவர் யார்? எல்லாம் மெல்லிய குரலில் ஆடத்தக்க ஆட்டங்களே.

இவற்றுக்கு ஒரே நிபந்தனை, முதலில் நாம் நம் கைப்பேசியைக் கீழே வைக்க வேண்டும். உண்மையைச் சொல்லுங்கள்: பிள்ளையின் வாயை அடைப்பது, நம் திரையை நாம் தடையின்றிப் பார்க்கத்தானே?