கோழிக்குக் கூண்டு; நாய்க்குச் சங்கிலி

கோலார் தங்கவயலில் ஒரு சுரங்க லைன். கணவர் விடியற்காலை ரயிலுக்குப் போய்விட்டார். மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்த் திரும்புவதற்குள் கொல்லையில் ஏழு கோழிகளில் ஐந்து செத்துக் கிடந்தன. பஞ்சாரம் ஒரு பக்கம் உருண்டு கிடந்தது. செத்தவற்றில் ஒன்று அடைக்கோழி. அது காத்துவந்த 12 முட்டைகளும் குளிர்ந்துவிட்டன. பக்கத்து வீட்டு நாயின் வாயில் இறகு ஒட்டியிருந்ததால் சாட்சி தேட வேண்டியிருக்கவில்லை.

நாயின் சொந்தக்காரரும் ரயிலில் போய் வருகிறவர்தான். கெட்டவர் அல்ல. மாலையில் வீடு திரும்பியதும் விஷயத்தைக் கேட்டு நேரில் வந்தார்.

"கோழியைக் கூண்டுல அடைச்சு வைக்கக் கூடாதாக்கா? நாய்னா கோழியைத் துரத்தத்தானே செய்யும்?" என்றார்.

"உன் நாயைக் கட்டிப் போட்டிருந்தா துரத்தியிருக்குமா தம்பி?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்றது. பத்து வருஷமாகப் பொங்கலுக்குப் பொங்கல் பானை மாற்றிக்கொண்ட வீடுகள் அவை.

இருவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே எடை உள்ள நியாயமா என்பதுதான் கேள்வி.

நாயும் கோழியும் வந்த வழி

தங்கவயலில் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்தும் தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய தமிழர் குடும்பங்கள் லைன்களிலேயே தங்கிவிட்டன. வேலை மட்டும் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளிப் பெங்களூருக்குப் போய்விட்டது. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகாம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருட்டோடு ஏறுகிறவர்கள் இருட்டிய பிறகுதான் இறங்குகிறார்கள்.

வீட்டில் இருக்கும் பெண்கள் கை வருமானத்துக்காகக் கோழி வளர்க்கிறார்கள். ஆள் இல்லாத வீட்டுக்குக் காவல் வேண்டுமே என்று பலர் நாய் வளர்க்கிறார்கள். கோழியும் நாயும் ஒரே காரணத்தால் வந்தவை. விடியற்காலை ரயில் பிடிக்கிற அவசரத்தில் நாயை அவிழ்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். "வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்பது எண்ணம். நாயோ வீட்டைப் பார்ப்பதில்லை. வேலையும் இல்லாமல் நிற்க நேரமும் இல்லாமல் அது லைன் முழுவதும் சுற்றுகிறது.

ஆகவே ஒரு விஷயம் தெளிவாகிறது. அவிழ்த்துவிட்ட நாய் காவல் நாய் அல்ல. வீட்டு வாசலில் நீளக் கயிற்றிலோ, கதவு போட்ட முற்றத்துக்குள்ளோ இருக்கிற நாய்தான் காவல் நாய். திருட வருகிறவன் வரும்போது அடுத்த தெருவில் கோழி துரத்திக்கொண்டிருக்கும் நாயால் யாருக்கு லாபம்?

கறி விலை போதுமா?

பேச்சு வார்த்தை நடக்கிற இடங்களில் வழக்கமாக ஒரு தீர்ப்புச் சொல்கிறார்கள். "செத்த கோழிக்குக் கறி விலை கொடுத்துவிடு" என்பதே அது. பெரியவர்கள் சமாதானத்துக்காகச் சொல்வதுதான். ஆனால் கணக்குச் சரியில்லை.

நாட்டுக்கோழி வருஷத்துக்குச் சுமார் 50, 60 முட்டைதான் இடும். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரிக்க 21 நாள். பிறகு இரண்டு மாதம் போல் தாய்க்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேய்க்க வேண்டும். பருந்துக்கும் காக்கைக்கும் போக மிஞ்சியவைதான் தேறும். அவை முட்டையிட இன்னும் மூன்று நான்கு மாதம் ஆகும். அடைக்கோழி ஒன்றை நாய் கடித்துப்போட்டால் போவது ஒரு நாள் குழம்பு அல்ல. அரை வருஷத்து உழைப்பு.

கடைக்குப் போகிற கோழிக்குக் கறி விலை சரி. கொல்லையில் இருக்கிற கோழி முதல். முட்டையும் குஞ்சும் அதன் வட்டி. முதலையே அழித்துவிட்டு ஒரு மாத வட்டியைக் கையில் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? சேவலுக்கு ஒரு விலை, முட்டையிடும் கோழிக்கு ஒரு விலை, அடைக்கோழிக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு விலை என்று வைப்பதே முறை. பணமாகக் கொடுக்க முடியாதவர்கள் அதே பருவத்துக் கோழியை வாங்கிக் கொடுக்கலாம்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று சிலர் கோபத்தில் கிளம்புகிறார்கள். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு, தன்னிடம் உள்ள மிருகத்தைக் கவனக்குறைவாக விடுவதைக் குற்றம் என்கிறது. ஆனால் அது மனித உயிருக்கு ஆபத்து, மனிதருக்குக் கொடுங்காயம் என்ற அளவில்தான் பேசுகிறது. கோழிக்காக அதை நீட்டிப் பார்க்க முடியாது. ஐந்து கோழிக்கு நஷ்டஈடு கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போனால், அலைகிற செலவில் ஐம்பது கோழி வாங்கிவிடலாம்.

தெருநாய் விவகாரம் வேறு. அதற்கு 2023-ஆம் ஆண்டின் கருத்தடை விதிகள் உண்டு. 2025-இல் உச்ச நீதிமன்றமும் பல உத்தரவுகள் போட்டது. அது நகரசபை பார்க்க வேண்டிய வேலை. சோறு போட்டு, பெயர் வைத்துக் கூப்பிடுகிற நாய்க்கு நகரசபை பொறுப்பாகாது. சோறு போடுகிற கைதான் பொறுப்பு.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆத்திரத்தில் சோற்றில் மருந்து வைக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அது பாவம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதே சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவின்படி, மிருகத்தை விஷம் வைத்துக் கொன்று பிறருக்கு நஷ்டம் உண்டாக்கினால் 5 வருஷம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். விஷச் சோறு குறி பார்த்துப் போவதும் இல்லை. பிறர் வீட்டுப் பூனை தின்னும். மேய்கிற கோழியே கொத்தும். தவழ்கிற குழந்தை கையில் எடுக்கும்.

கோழிக்காரர் செய்ய வேண்டியது

நியாயம் நம் பக்கம் என்று உட்கார்ந்திருந்தால் செத்த கோழி எழுந்து வராது. கோழி வைத்திருப்பவர்களும் சில காரியங்கள் செய்தாக வேண்டும்.

பஞ்சாரம் பருந்துக்குத்தான் தடுப்பு. நாய் மூக்கால் முட்டினாலே கவிழ்ந்துவிடும். மேலே கனமான கல் வைத்தாலும் அது சிறிது நேரத்துக்குத்தான் தாங்கும். இரவுக் கூண்டு தரையிலிருந்து இரண்டடியாவது உயரமாக இருக்கட்டும். கதவுக்குக் கயிறு போதாது. கொக்கித் தாழ்ப்பாள் வேண்டும்.

கொல்லையை அடைக்கிறவர்கள் மெல்லிய கோழி வலையை மட்டும் நம்பக் கூடாது. அது கோழி வெளியே போகாமல் தடுக்கும். நாய் உள்ளே வராமல் தடுக்காது; பல்லால் கிழித்துவிடும். கீழ் மூன்றடிக்காவது கெட்டியான வெல்டு மெஷ் வேண்டும். நாய் தாண்டுவதை விடத் தோண்டி நுழைவதே அதிகம். ஆகவே வலையின் அடியை ஓரடி வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் படுக்கவிட்டு மண்ணும் கல்லும் போட்டு மூட வேண்டும். தோண்டும் நாயின் கால் அந்த வலையில்தான் படும்.

எந்தக் கோழி வளர்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் தந்த கிரிராஜா நன்றாக எடை போடும். ஆனால் உடல் கனத்தால் எளிதில் பறந்து தப்பாது. பின்னர் வந்த ஸ்வர்ணதாரா அதைவிட எடை குறைவு, ஓடித் தப்பும். கிரிராஜா வளர்க்கிறவர்கள் வேலி இல்லாமல் வளர்க்கவே கூடாது.

கோழி அறுத்த குடலையும் தலையையும் தெருவில் வீசுகிறவர்கள், நாய்க்குக் கோழி ருசியைத் தாங்களே கற்றுக்கொடுக்கிறார்கள். அதைப் புதைத்துவிட வேண்டும். நாய் பாயும்போது நடுவில் கையை விடுவதும் கூடாது. கடிபட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

லைனுக்கு ஒரு கட்டுப்பாடு

இத்தனையும் சொன்ன பிறகு அந்த இரண்டு கேள்விகளுக்குத் திரும்பலாம். கோழிக்காரர் கூண்டு வைக்க வேண்டும் என்பது புத்திமதி. நாய்க்காரர் நாயைக் கட்ட வேண்டும் என்பது கடமை. தன் கொல்லைக்குள் நின்ற கோழி யார் வீட்டுக்கும் போய்க் கெடுதல் செய்யவில்லை. நாய்தான் எல்லை தாண்டி வந்தது. முதல் தடவை "தெரியாமல் நடந்தது" என்று சொல்லலாம். இரண்டாம் தடவை அப்படிச் சொல்ல வாய் வரக் கூடாது.

லைனில் உள்ள குடும்பங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி மூன்று விஷயம் முடிவு செய்தால் போதும். காலை ரயில் நேரம் முதல் இருட்டும் வரை வளர்ப்பு நாய் கட்டில் இருக்க வேண்டும். இரவில் வீட்டுக்காரர் இருக்கும்போது வேண்டுமானால் முற்றத்துக்குள் அவிழ்க்கலாம். ஒவ்வொரு நாய்க்கும் வருஷா வருஷம் வெறிநோய் ஊசி போட வேண்டும். கோழி செத்தால் பருவத்துக்கு ஏற்ற விலையை ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கோழி அடுத்தவர் கீரைப் பாத்தியைக் கிளறினால் அதற்கும் கோழிக்காரர் பதில் சொல்ல வேண்டும்.

கோழிக்காக இவ்வளவு ஏற்பாடா என்று சிரிக்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். லைன்களில் தமிழரும் தெலுங்கரும் கன்னடியரும் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்கிறார்கள். இன்று நாய்க்காரரும் கோழிக்காரரும் ஒரே பாஷைக்காரர்கள். நாளைக்கு வேறு வேறு பாஷைக்காரர்களாக இருந்துவிட்டால், "அவன் நாய் எங்கள் கோழியை" என்று ஆரம்பிக்கிற பேச்சு "அவர்கள் எங்களை" என்று முடிய எத்தனை நேரம் ஆகும்? பிழைக்க வந்த இடத்தில் சின்னச் சண்டையைச் சின்னதாக இருக்கும்போதே தீர்த்துக்கொள்வது நல்லது.

அந்த அம்மாளிடம் இப்போது இரண்டு கோழிகள் மிச்சம். பக்கத்து வீட்டு நாய் இன்னும் அவிழ்ந்தபடிதான் சுற்றுகிறது. ஒரு சங்கிலியும் அடைக்கோழி ஒன்றும் வாங்கினால் அந்த வீடுகளுக்கு நடுவே மறுபடி பொங்கல் பானை போய் வரும். வாங்க வேண்டியவர் யார் என்பது அவருக்கே தெரியும்.