வாசற்படி வரை வராத கருணை

கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தின் பெயரை 2024 சூன் மாதத்திற்கு முன்னர் தமிழகத்தில் எத்தனை பேர் அறிந்திருந்தனர்? மெத்தனால் கலந்த சாராயம் அங்கும் சுற்றுப்புறங்களிலும் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பிறகே அப்பெயர் நாளேடுகளின் முதற்பக்கத்தை எட்டியது. அத்தகைய ஊரின் பெயரை எழுதிய கையோடு, தெருவில் கிடக்கும் நாய்க்கு வீடு தேடித் தருவதைப் பற்றி நாம் பேசத் தொடங்கினால், வாசகர் சிலருக்குச் சினம் பிறக்கும். "மனிதனுக்கே நாதியில்லை, நாய்க்கு என்ன வந்தது?" என்று அவர்கள் கேட்பார்கள்.

அந்தக் கேள்வியை நாம் மதிக்கிறோம். ஆனால் அதைக் கேட்பவர் யார் என்பதையும் பார்க்கிறோம். வாசலில் வந்து நிற்கும் கைம்பெண்ணுக்கு ஒருபிடி அரிசி அளப்பவர் இக்கேள்வியைக் கேட்பதில்லை. அவர் தம் சோற்றிலிருந்து ஓர் உருண்டையைத் தெருநாய்க்கும் வைத்துவிட்டுத்தான் உறங்கப் போகிறார். மனிதனுக்கும் கொடுக்காமல், நாய்க்கும் கொடுக்காமல் இருப்பதற்கு வசதியான சாக்காகவே பெரும்பாலும் இக்கேள்வி பயன்படுகிறது.

சிலர் திருச்சபையின் போதனையையே துணைக்கு அழைக்கின்றனர். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், மனிதத் துயர் துடைக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்கிறது. உண்மைதான். ஆனால் அதே பத்தி, விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் சாகடிப்பதும் மனித மாண்புக்கு எதிரானது என்றும் சொல்கிறது. ஒரு பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு மறுபாதியை மறப்பது எவ்வகைப் பற்றுறுதி?

அந்த முதற்பாதிதான் யாரைச் சுடுகிறது? பனிநாட்டுக்கெனப் படைக்கப்பட்ட அடர்மயிர் நாயைப் பல்லாயிரம் ரூபாய்க்கு வாங்கி, நம் ஊர் வெயிலில் அது மூச்சிரைக்கக் கண்டு அதற்கெனக் குளிர்சாதன அறை அமைப்பவரை அது சுடுகிறது. அதே நாய் நோயுற்றதும் நெடுஞ்சாலையோரம் இறக்கிவிட்டுச் செல்பவரை இருமடங்கு சுடுகிறது. தெருக்குட்டி ஒன்றை வீட்டில் சேர்ப்பவருக்கு என்ன செலவு? விலை இல்லை. மீந்த சோறு, ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, வாழ்நாளில் ஒருமுறை கருத்தடை அறுவை, அவ்வளவே. ஏழையின் பங்கை அது பறிப்பதில்லை.

இதனால் நாய்மேல் அன்பு காட்டுவதாகச் சொல்வோர் அனைவரையும் நாம் பாராட்டுவதாக எவரும் எண்ணவேண்டாம். அவர்களுள் பலரிடம் நமக்குக் கடுமையான வழக்கு உண்டு.

மழையில் நனையும் குட்டியைக் கையில் எடுக்கிறார்கள். கைபேசியில் படம் பிடித்துப் பத்துப் பேருக்கு அனுப்புகிறார்கள். பாராட்டு குவிகிறது. அதன் பிறகு? "சாமி பார்த்துக்கொள்வார்" என்று கோயில் வளாகத்தில் விட்டுச் செல்கிறார்கள். அல்லது உறவினரின் மாட்டுக்கொட்டகையில், பேருந்து நிலையத்தின் மறுகோடியில், சந்தை முடிந்த திடலில் விடுகிறார்கள். ஓரிடத்தில் கைவிடப்பட்ட உயிரை இன்னோரிடத்தில் கைவிடுவதற்கு மீட்பு என்று பெயரா?

மீட்பு என்பது நம் மறையின் சொல். அதன் பொருளை நாம் அறிவோம். இஸ்ரயேலின் விடுதலைப் பயணம் செங்கடலைக் கடந்ததோடு முடியவில்லை. குடியிருக்க ஒரு நாடு கிடைக்கும்வரை அது தொடர்ந்தது. நல்ல சமாரியர் காயத்தைக் கட்டியதோடு கைகழுவிவிடவில்லை. அடிபட்டவரைச் சாவடிக்குக் கொண்டுசென்றார். இரண்டு தெனாரியம் கொடுத்தார். திரும்பி வருவதாகவும் மேற்செலவைத் தாமே ஏற்பதாகவும் வாக்களித்தார். தூக்கி எடுப்பது தொடக்கம். தங்க இடம், ஆகும் செலவு, மீண்டும் வந்து பார்ப்பது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது இரக்கம்.

2025 ஆகஸ்டு 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையிலும் இதே கருத்து தொனிப்பதைக் காண்கிறோம். தில்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்குமாறு ஆகஸ்டு 11 அன்று இட்ட ஆணையை அது திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும். வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது என்றது. விலங்கு ஆர்வலர்கள் உள்ளாட்சியிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம். ஆனால் அந்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்களது பொறுப்பு என்றும் விதித்தது. சமாரியர் தாமாக ஏற்ற கடமையை நமக்கு நீதிமன்றம் சொல்லித்தரவேண்டியிருக்கிறது.

இந்தப் பொறுப்பு ஏன் அத்தனை முக்கியம்? 2024-ஆம் ஆண்டில் தமிழகத்தில் ஏறத்தாழ 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. வெறிநாய்க்கடி நோயால் 43 பேர் மாண்டனர். அறிகுறி தோன்றிவிட்டால் அந்நோய்க்கு மருந்தில்லை என்றே சொல்லலாம். கடிபடுபவர் யார்? மகிழுந்தில் செல்பவரா? விடியற்காலையில் தெருக்கூட்டும் தூய்மைப் பணியாளர், நடந்து பள்ளி செல்லும் சிறுவர், திண்ணையில் உறங்கும் முதியவர். தம் வீட்டு இரும்புக் கதவைத் தாழிட்டுவிட்டு, அடுத்த தெருவில் இருபது நாய்களுக்குப் பிரியாணி வைத்துத் திரும்புபவர் தம் கருணைக்கான விலையை ஏழையின் கெண்டைக்காலிலிருந்து வசூலிக்கிறார். ஊட்டுகிறவர் ஊசியும் போடவேண்டும்; இயன்றால் ஒன்றையாவது தம் வாசற்படிக்குள் அழைத்துக்கொள்ளவேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வோம். குட்டி கேட்டு வருபவர் எல்லாரும் கடுவனையே கேட்கின்றனர். பெட்டைக் குட்டிகள் சாக்குப்பைக்குள் திணிக்கப்பட்டு ஏரிக்கரைக்கும் பாலத்தடிக்கும் போகின்றன. "பெட்டை என்றால் குட்டி போடும், தொல்லை" என்கிறார்கள். பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் அண்டையிலுள்ள சேலம் மாவட்டத்தில் அரசு தொட்டில் வைக்கவேண்டியிருந்ததை மறக்கக்கூடிய மண்ணா இது? குழந்தையும் குட்டியும் ஒன்றென்று நாம் கூறவில்லை. பெண் என்றதும் சுமை எனக் கணக்கிடும் கண் ஒன்றுதான் என்கிறோம். ஒரே ஒரு கருத்தடை அறுவையில் தீரக்கூடிய தொல்லைக்காக உயிரோடு எறிவது பாவமன்றி வேறென்ன?

ஆகவே நம் பங்குகள் செய்யக்கூடியதைச் சொல்கிறோம். அன்பியக் கூட்டங்களில் இதற்கெனப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். திருமுழுக்கின்போது ஞானப்பெற்றோர் இல்லாமல் குழந்தையை ஏந்துவதில்லை. பின்னாளில் விசாரிக்க ஒருவர் வேண்டும் என்பது திருச்சபையின் பட்டறிவு. அந்தப் பட்டறிவைச் சிறு அளவில் இங்கும் கைக்கொள்வோம். குட்டியைக் கொடுக்குமுன் கேட்போம்: வீட்டார் அனைவருக்கும் இசைவுண்டா? வாடகை வீடாயின் உரிமையாளர் ஒப்புவாரா? வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு போனால் சோறு வைப்பவர் யார்? பகல் முழுதும் சங்கிலியில் கட்டிப்போடுவார்களா? கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்ட சீட்டைக் கையில் கொடுப்போம். கருத்தடைக்கு உரிய வயது வந்ததும் நினைவூட்டுவோம். ஒரு மாதம் கழித்து நேரில் போய்ப் பார்ப்போம். சரிப்படவில்லையெனில் தெருவில் விடாமல் நம்மிடமே திருப்பித்தரச் சொல்வோம். சூலை 6-ஆம் நாள், 1885-இல் லூயி பாஸ்தர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக வெறிநாய்க்கடித் தடுப்பூசி செலுத்திய நாள். அன்று அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் நடைபெறும் இலவச முகாம்களைக் கோயில் அறிவிப்பில் வாசித்தால் எந்தத் திருவழிபாடும் குறைபடாது.

அளவும் அறிவோம். பிள்ளைகளின் இடத்தை நாய்க்குத் தருவோரை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 சனவரியில் எச்சரித்தார். அவரே 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில், படைப்பின்மீது மனிதருக்குள்ள ஆட்சி என்பது காக்கும் கடமையே என்று கற்பித்தார். இரண்டையும் ஒருங்கே கடைப்பிடிப்பது அரிதன்று. தோபித்தின் வீட்டு நாய் தோபியாவோடு புறப்பட்டது. அவரோடே வீடு திரும்பியது. அந்த வீடுதான் கைவிடப்பட்ட பிணங்களைத் தேடி அடக்கம் செய்த வீடு. பசித்தோர்க்கு உணவளித்த வீடு. நாய்க்கு இடமிருந்ததால் அங்கே மனிதருக்கு இடம் குறையவில்லை.

கருணாபுரத்தின் துயரநாள்களில் கருணை வாகனங்களில் வந்திறங்கியது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் தொகையும் அறிவிக்கப்பட்டது. தொகை வேண்டியதே. ஆனால் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப்பார்க்கத் தொகையால் இயலாது. அதற்கு ஒரு வீடும், வீட்டில் ஓர் ஆளும் தேவை. செல்வரின் வாசலில் கிடந்த இலாசரின் புண்களை நக்க நாய்கள் வந்தன. அந்த வாசற்படியைத் தாண்டி வெளியே வராதவர் செல்வர் ஒருவரே. பூட்டிய வாசல்களுக்குள்ளிருந்து "மனிதனா, நாயா?" என்று வழக்காடுவதை விட்டுவிட்டு, கதவைத் திறந்து வெளியே யார் கிடக்கிறார் என்று பார்ப்போம்.