இடுப்பை ஆட்டினா மானம் போயிடுமா?

சௌல்தாரியிலே மழை பிடிச்சுதுன்னா விடாதுங்க. ஊர்ல ஐப்பசி, கார்த்திகை மட்டும்தான் மழைன்னு வளர்ந்தவ நான். அந்தமான்ல தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மே மாசம் ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் ஏதாவது ஒண்ணு கொட்டிக்கிட்டே இருக்கும். வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் பக்கம். மழை இல்லாத நாள்ல நடக்கலாம்னா, டிசம்பர்ல சாயங்காலம் 5 மணிக்கெல்லாம் சூரியன் ட்யூட்டி முடிச்சுக் கிளம்பிடுவார். ஆபீஸ் விட்டு வந்து காப்பி குடிச்சு நிமிர்ந்தா கும்மிருட்டு. வாக்கிங் போகாததுக்கு இப்படி ஆறு வருஷமா காரணம் சொல்லியாச்சு :)

போன வருஷம் ரத்தப் பரிசோதனையிலே எச்பிஏ1சி 6.1ன்னு வந்தது. 5.7லேருந்து 6.4 வரைக்கும் சர்க்கரை நோய்க்கு முந்தின நிலை. இடுப்புச் சுற்றளவு 91 செ.மீ. நம்ம இந்தியப் பெண்களுக்கு 80ஐத் தாண்டினாலே எச்சரிக்கை, ஆண்களுக்கு 90. எங்கம்மாவுக்கு சர்க்கரையாலே ஒரு கண்ணு பார்வை போச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

லீவுக்கு வந்திருந்த மகள்தான் யூட்யூப்ல பெல்லி டான்ஸ் பயிற்சி ஒண்ணைப் போட்டு, "இருபது நிமிஷம்தாம்மா, கதவைச் சாத்திக்கோ"ன்னா. துப்பட்டாவை இடுப்புல கட்டிக்கிட்டு நானும் ஆரம்பிச்சேன். ரெண்டாவது நாளே மாமியார் பார்த்துட்டாங்க. "ஏம்மா, குடும்பத்துப் பொம்பளை ஆடுற ஆட்டமா இது?" ரங்கமணி பேப்பர்ல இருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அத்தையைக் குத்தம் சொல்ல மாட்டேன். நம்ம சினிமாவிலே இந்த ஆட்டம் வந்தாலே வில்லன் கூடாரம், கையிலே கிளாஸ், அரைகுறை உடுப்பு. துபாய்ல பாலைவன சஃபாரி போனவங்களும் டூரிஸ்ட்டுக்காக ஆடினதைத்தான் பார்த்திருப்பீங்க. ஆனா எகிப்துல கல்யாண வீட்டிலே பொம்பளைங்க தங்களுக்குள்ளே ஆடுறதும் இதே வகை ஆட்டம்தான். மேடை ஆட்டத்துக்கு அவங்க வச்ச பேரு ரக்ஸ் ஷர்கி, அதாவது கீழ்த்திசை நடனம். 'வயிற்று நடனம்'ங்கிறது பிரெஞ்சுக்காரங்க வச்ச பேரு. 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவிலே அந்தப் பேரே நிலைச்சுப் போச்சு. பேருதான் வயிறு, வேலை முழுக்க இடுப்புக்கு.

இடுப்பை ஆட்டுறது நமக்குப் புதுசா என்ன? கோயில் திருவிழாவிலே கரகாட்டம் ஆடும்போது தலையிலே கரகம் அசையாம நிக்குதுன்னா, அதுக்கு இடுப்பும் முழங்காலும்தானே காரணம்? 1989ல வந்த 'கரகாட்டக்காரன்' படத்தைக் குடும்பத்தோட பார்த்தவங்கதானே நாம? கொங்குநாட்டு வள்ளி ஒயில் கும்மியை ஒரு காலத்துல ஆம்பளைங்கதான் ஆடினாங்க. அதைப் பொம்பளைங்களுக்கும் சொல்லிக்கொடுத்த பத்ரப்பன் ஐயாவுக்கு 2024ல பத்மஸ்ரீ கிடைச்சது.

உண்மையிலேயே வெட்கப்பட வேண்டிய கணக்கு வேற இருக்கு. 2022 நிலவரப்படி இந்தியப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்குப் போதுமான உடலுழைப்பு இல்லைன்னு 2024ல லான்செட் குளோபல் ஹெல்த்ல வந்த ஆய்வு சொல்லுது. ஆண்கள்ல 42. இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் மானம்தான்னு நான் நினைக்கிறேன். ரோட்டுல ஓடினா பார்ப்பாங்க, வீட்டிலே ஆடினா பேசுவாங்க, அப்போ எங்கேதான் அசையறது?

அதுக்காக "பத்து நாள்ல தொப்பை கரையும்"னு தலைப்பு வச்ச வீடியோவை நம்பிடாதீங்க. ஒரு இடத்தை ஆட்டினா அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரையாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உழைப்பு வேணும்ங்குது. பேச முடியணும், பாட முடியாத அளவு மூச்சு வாங்கணும், அதுதான் மிதம். மெதுவா இடுப்பைச் சுத்தினா அந்த அளவு வராது. இடுப்பை வேகமா உதறுற 'ஷிம்மி'யை விடாம ரெண்டு நிமிஷம் ஆடிப் பாருங்க, தெரியும் சேதி!

நான் செய்யறது இதுதான். அஞ்சு நிமிஷம் நின்ன இடத்துலயே நடை. அப்புறம் முழங்காலை லேசா மடக்கி, அடிவயித்தை மெல்ல உள்ளே இழுத்துக்கிட்டு, இடுப்பாலே எட்டு போடுறது. அடுத்து ஒவ்வொரு பக்கமா இடுப்பை ஏத்தி இறக்குறது. கடைசியா ஷிம்மி. முதுகை வளைச்சு ஆடக்கூடாது. முதுகுவலி, முட்டிவலி இருக்கிறவங்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேக்காம தொடாதீங்க.

எட்டு மாசம் ஆச்சு. இடுப்பு 87, எச்பிஏ1சி 5.8. ராத்திரிச் சோத்தையும் பாதியாக் குறைச்சேன், அதனால எல்லாப் புகழும் ஆட்டத்துக்கேன்னு சொல்ல மாட்டேன். ஆனா சோத்தைக் குறைக்கிற புத்தி ஆட ஆரம்பிச்ச பிறகுதான் வந்தது.

அத்தை இன்னும் ஒத்துக்கலை. நான் கதவைச் சாத்தினா, "ஆரம்பிச்சுட்டா"ன்னு முணுமுணுப்பாங்க. முணுமுணுத்துட்டு, அடுப்புல இருக்கிற குக்கரைப் பார்த்துக்கிறதும் அவங்கதான். துபாயோ சிங்கப்பூரோ சௌல்தாரியோ, நாலு சுவத்துக்குள்ளே கிடக்கிற தோழிகளே, நீங்களும் இருபது நிமிஷம் கதவைச் சாத்துங்க. மானம் எங்கேயும் போகாது.