திறந்து மூன்றே மாதம்: ஆற்றில் போன பாலமும் அணையும்

கடலூர் மாவட்டத்தின் வடக்கே தென்பெண்ணை, தெற்கே சிதம்பரத்தை ஒட்டிக் கொள்ளிடம். இரண்டுமே இங்கே கடைமடை ஆறுகள். மேலே எங்கே தவறு நடந்தாலும் அதன் வெள்ளம் வந்து சேர்வது நம் வாசலுக்குத்தான். கடந்த சில ஆண்டுகளில் இந்த இரு ஆறுகளிலும் இடிந்து போனவற்றைப் பட்டியலிட்டுப் பார்த்தால் கவலை வருகிறது.

தென்பெண்ணையின் குறுக்கே விழுப்புரம் மாவட்டம் தளவானூருக்கும் கடலூர் மாவட்டம் எனதிரிமங்கலத்துக்கும் இடையே சுமார் 25 கோடி ரூபாயில் தடுப்பணை கட்டப்பட்டது. 2020இல் திறக்கப்பட்ட அந்த அணையின் எனதிரிமங்கலம் பக்கச் சுவர் 2021 ஜனவரியிலேயே உடைந்தது. பொறியாளர்கள் நான்கு பேர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மறுகரையும் சேதமடைந்தது. கரை அரிப்பைத் தடுக்க, அணையின் ஒரு பகுதியை அரசே வெடி வைத்துத் தகர்க்க நேர்ந்தது.

2024 டிசம்பரில் அடுத்தது. ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. கடலூரின் தாழ்வான பகுதிகள் மூழ்கின. திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, திறந்து மூன்றே மாதமான மேம்பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அப்பாலம் சுமார் 54 ஆயிரம் கன அடி நீரைத் தாங்கும் வகையில்தான் வடிவமைக்கப்பட்டது, வந்ததோ அதைவிடப் பல மடங்கு என்று அரசுத் தரப்பில் விளக்கம் வந்தது.

விளக்கம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் பாலத்துக்கு மேலே அணை இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதன் மதகுகளை எல்லாம் திறந்தால் எவ்வளவு நீர் வரும் என்பதும் துறையின் கையில் உள்ள கணக்கு. அந்தக் கணக்கைப் பாலத்தின் வரைபடத்தோடு யார் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? வெள்ளத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் பதில் வரவேண்டிய கேள்வி இது.

கொள்ளிடத்தில் நடந்தது வேறு வகை. 1836இல் கட்டப்பட்ட முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் ஒன்பது, 2018 ஆகஸ்ட் 22 இரவு இடிந்து விழுந்தன. அதே மாதம் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலமும் தூண்கள் சாய்ந்து உடைந்தது. வீராணம் ஏரிக்கும் சிதம்பரம் பகுதி வயல்களுக்கும் நீர் தரும் அணைக்கரையின் கீழணையும் அதே 1836இல் கட்டப்பட்டதுதான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பாலமோ தடுப்பணையோ, ஆற்றில் நிற்கும் கட்டுமானம் பெரும்பாலும் மேலிருந்து உடைவதில்லை. அடியிலிருந்துதான் உடைகிறது. வேகமாக ஓடும் நீர் அஸ்திவாரத்தைச் சுற்றியுள்ள மணலை அரிக்கும். பக்கச் சுவருக்குப் பின்னால் மண்ணைச் சரியாக இறுக்காவிட்டால் அங்கே கசியும் நீர் மண்ணைத் துகள் துகளாக வெளியே கொண்டுபோகும். உள்ளே வெற்றிடம் உண்டாகும், ஒரு நாள் சுவர் சரியும். அளவுக்கு மீறி மணல் அள்ளிய ஆற்றில் இது இன்னும் விரைவாக நடக்கும். புதுக் கட்டுமானத்துக்கு வடிவமைப்பும் மேற்பார்வையும், பழையதற்கு ஆண்டுதோறும் அடித்தளச் சோதனையும்தான் பாதுகாப்பு.

பொதுப் பணம் அமானிதம். அதைச் செலவழிப்பவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர், கேட்கும் உரிமை நமக்கு உண்டு. சில பொறியாளர்களைப் பணிநீக்கம் செய்வதோடு விஷயம் முடிந்துவிடக் கூடாது. விசாரணை அறிக்கை மக்கள் பார்வைக்கு வரவேண்டும். எவ்வளவு வெள்ளத்தைத் தாங்கும் என்பதைக் கட்டும் இடத்திலேயே பலகையில் எழுதி வைக்கலாம். பழைய அணைகளின் சோதனை முடிவை ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் வெளியிடலாம்.

நம் ஊரில் பாலமோ தடுப்பணையோ கட்டினால், வடிவமைப்பு வெள்ள அளவையும் தரச் சோதனை அறிக்கையையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம், கிராம சபையில் எழுப்பலாம். இடிந்த பிறகு கேட்டால் இழப்பீடு கிடைக்கலாம். கட்டும்போதே கேட்டால் உயிரும் உடைமையும் மிஞ்சும்.