பாட்டு ஓடும், காசு வராது... ‘சாம் அண்ட் டேவ்’ விட்டுச் சென்ற கேள்வி என்ன?

அமெரிக்க சோல் இசைப் பாடகர் சாம் மூர் 2025 ஜனவரி 10 அன்று ஃபுளோரிடாவில் காலமானார். வயது 89. ‘சாம் அண்ட் டேவ்’ ஜோடியின் இன்னொரு பாதியான டேவ் பிரேட்டர் 1988-லேயே கார் விபத்தில் இறந்துவிட்டார். இரண்டு குரலும் ஓய்ந்தாச்சு. ஆனால், சாம் பல வருடமாகக் கேட்டுவந்த ஒரு கேள்வி மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது: ரேடியோவில் பாட்டு ஓடினா, பாடினவருக்கு ஏன் காசு இல்லை?

யார் இந்த ஜோடி?

இருவருமே தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர்கள். 1961-ல் மியாமியின் ‘கிங் ஆஃப் ஹார்ட்ஸ்’ கிளப்பில் சந்தித்தார்கள். 1964-ல் அட்லாண்டிக் நிறுவனம் ஒப்பந்தம் போட்டு, இவர்களை மெம்ஃபிஸில் உள்ள ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவுக்கு அனுப்பியது. அங்கே பாட்டு எழுதிக் கொடுத்தவர்கள் ஐசக் ஹேய்ஸ், டேவிட் போர்ட்டர். ஒருவர் கூப்பிட, மற்றவர் பதில் கொடுக்கும் தேவாலயப் பாணிதான் இவர்களின் பலம்.

என்னென்ன ஹிட்ஸ்?

1966-ல் ‘ஹோல்ட் ஆன், ஐம் கமின்’ ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம். 1967-ல் ‘சோல் மேன்’ அங்கே முதலிடம், பாப் பட்டியலில் 2-ம் இடம், கூடவே கிராமி விருது. அந்த ஆண்டு டெட்ராய்ட் கலவரத்தில், கறுப்பினத்தவர் தங்கள் கடைகளில் ‘சோல்’ என எழுதிவைத்ததை டிவியில் பார்த்த ஹேய்ஸுக்குக் கிடைத்த பொறி இது. 1968-ல் ‘ஐ தேங்க் யூ’ பாப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது.

மேடையில் உருகிய இருவரும் மேடைக்கு வெளியே பல வருடம் பேசிக்கொள்ளவே இல்லை. 1981 டிசம்பர் 31-தான் இருவரும் சேர்ந்து பாடிய கடைசி நாள்.

என்னதான் பிரச்னை?

அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் ரேடியோக்கள் பாட்டை எழுதியவருக்கும் அதன் பதிப்பாளருக்கும்தான் ராயல்டி தர வேண்டும். பாடியவருக்குத் தரணும்னு சட்டம் சொல்லவில்லை. அதனால், ‘சோல் மேன்’ ரேடியோவில் எத்தனை முறை ஓடினாலும் ஹேய்ஸ், போர்ட்டர் தரப்புக்குப் பணம். சாமுக்கும் டேவுக்கும் ஒன்றுமில்லை. இத்தனைக்கும் இணைய, சாட்டிலைட் ரேடியோக்கள் பாடகர்களுக்கும் பணம் தருகின்றன. ‘நாங்க ஓசியில் விளம்பரம் தர்றோமே’ என்பது எஃப்எம் தரப்பின் வாதம்.

இதை எதிர்த்து சாம் 2007-ல் நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் அளித்தார். பாடகர்களுக்கும் பங்கு கேட்கும் ‘அமெரிக்கன் மியூசிக் ஃபேர்னஸ்’ மசோதா 2021-ல் வந்தது. பிறகு மறுபடியும் மறுபடியும் தாக்கலானது. சாம் கண்ணை மூடும்வரை அது சட்டமாகவில்லை.

இது பழைய பாட்டுக்காரர்களின் புலம்பல் மட்டுமல்ல. வயதாகி மேடை ஏற முடியாமல் போகும் பாடகருக்கு, பழைய ஹிட்டுதான் பென்ஷன். எழுதியவருக்கு அது கிடைக்கிறது. குரல் கொடுத்தவருக்கு?