மெலிந்த பிள்ளையைப் புகழுமுன்...



இம்முறை என்னுடைய தவறொன்றைச் சொல்லிவிட்டே விஷயத்துக்கு வர வேண்டியிருக்கிறது. சம்பந்தப்பட்ட குடும்பத்தின் அனுமதியோடு, அடையாளங்களை மறைத்து எழுதுகிறேன்.

நான் படிப்பிக்கும் தரம் 10 வகுப்பில் ஒரு மாணவர். வயது 15. சற்றுப் பருத்த உடம்பு. கூட்டாளிமார் பட்டப்பெயர் சொல்லியே அவரைக் கூப்பிடுவார்கள். நானும் ஒரு நாள், "இவருக்கு இரண்டு கதிரை போட வேண்டும்" என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்தேன். அவரும் சிரித்தார். நான் அதை மறந்து போனேன்.

சில மாதங்களில் அவர் மெலியத் தொடங்கினார். திங்கள், வியாழன் தோறும் ஸுன்னத்தான நோன்பு பிடிக்கிறார் என்று கேள்விப்பட்டு, எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்திப் புகழ்ந்தேன்.

பின்னர் ஒரு நாள் அஸருக்குப் பிறகு அவருடைய பெற்றோர் என் வீட்டுக்கு வந்தார்கள். உம்மா அழுதபடியே சொன்னார்: "ஹஸரத், மகன் நோன்பு பிடிக்கிறது எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனா நோன்பு துறந்தாலும் ஒரு பேரீச்சம்பழத்தோட எழும்பிடுறான். நோன்பில்லாத நாளையிலயும் சோத்தைக் கோழிக்குக் கொட்டிட்டுச் சாப்பிட்டேன்டு சொல்றான். ராவைக்கு எல்லாரும் படுத்த பிறகு முத்தத்துல ஓடுறான். நேத்து வுழூச் செய்யப் போய் மயங்கி விழுந்துட்டான்."

"உடம்பு குறையிறது நல்லதுதானே என்டு நாங்களும் பாத்துட்டு இருந்துட்டோம்" என்றார் வாப்பா. ஐந்து மாதத்தில் 70 கிலோ 51 கிலோவாகியிருந்தது.

உடனே வைத்தியரிடம் அனுப்பி வைத்தேன். நீரிழிவு, தைரொயிட் போன்ற நோய்கள் இருக்கின்றனவா என்று இரத்தம் சோதித்தார்கள், இல்லை. உயரத்துக்கும் வயதுக்கும் ஏற்ற அட்டவணையில் பார்த்தால் 51 கிலோ குறைவான எடையுமல்ல. ஆனால் நாடித் துடிப்பு மிகவும் குறைந்திருந்தது. பருத்திருந்த பிள்ளை பட்டினி கிடந்து வேகமாக மெலிந்தால், எடை சரியாகத் தெரியும்போதே இதயம் பலவீனப்படலாம் என்று வைத்தியர் விளக்கியிருக்கிறார். நோன்பையும் ஓட்டத்தையும் நிறுத்தச் சொல்லி, மனநல வைத்தியரிடமும் அனுப்பினார்.

பெற்றோர்களே, ஸல்மான் (ரழி) அவர்கள் அபூதர்தா (ரழி) அவர்களின் வீட்டுக்குச் சென்ற சம்பவம் நமக்குத் தெரிந்ததுதான். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த தம் சகோதரரை ஸல்மான் (ரழி) அவர்கள் ஸுன்னத்தான நோன்பை விடச் செய்து, தம்மோடு உட்கார்ந்து சாப்பிட வைத்தார்கள். உடம்புக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டென்று அவர்கள் சொன்னதை நபி (ஸல்) அவர்கள் சரி கண்டார்கள். இதை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன் நான். என் முன்னால் இருந்த பிள்ளையில் மட்டும் அதைக் காணவில்லை.

ஆகவே பிள்ளை மெலிந்தால் எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்பதோடு நிற்காதீர்கள். எப்படிக் குறைந்தது என்று பாருங்கள். பசிக்குச் சாப்பிட்டு, நன்றாக உறங்கி, கூட்டாளிமாரோடு விளையாடி, சிரித்துக்கொண்டு மெல்ல மெலிகிற பிள்ளையைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. "என்ன இப்படி எலும்பாகிவிட்டாய்?" என்று அவனுக்கு வலிந்து ஊட்டவும் தேவையில்லை. ஆனால் சாப்பாட்டை ஒளிப்பது, தனியே சாப்பிடுவது, சாப்பிட்டவுடன் கழிவறைக்குப் போய் வாந்தி எடுப்பது, எப்போதும் குளிர்கிறது என்பது, மயங்குவது, முடி உதிர்வது, பெண் பிள்ளையானால் மாதவிடாய் நின்று போவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தாமதிக்கக் கூடாது. மெலிவோடு அதிக தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் அது நீரிழிவாக இருக்கலாம்; அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். மனநல ஆலோசனைக்கு 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

பருமனைக் கவனிக்காமல் விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பட்டினி தேவையில்லை. எடை ஏறாமல் பார்த்துக்கொண்டால் உயரம் கூடும்போது உடம்பு தானாகச் சரியாகும். ஒரு சிறிய டின் கோலாவில் ஏறக்குறைய ஏழு தேக்கரண்டி சீனி இருக்கிறது. அதையும், தேநீரில் அள்ளிப் போடும் சீனியையும், நாளாந்த ரோல்ஸ், பெட்டிஸையும் குறையுங்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் குறைக்காமல் முழு வீட்டுக்கும் குறையுங்கள்.

5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது உடலை நன்கு அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. டியூஷனுக்கு டியூஷன் ஓடும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கே? பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதைக் கிதாபில் ஓதுகிறோம். ஆனால் நம் மகள்மார் நடப்பதற்கும் இடம் வைக்கவில்லை. அதே நேரம், மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவார்கள் என்று மெலியச் சொல்கிறோம்.

அந்த மாணவரைத் தனியாக அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல ஹஸரத்" என்று தலையைக் குனிந்துகொண்டார். இப்போது ஒவ்வொரு வேளையும் வாப்பாவோ உம்மாவோ கூட இருந்துதான் சாப்பிடுகிறார். திட்டுவதுமில்லை, எடையைப் பற்றிப் பேசுவதுமில்லை. மாதங்கள் எடுக்கும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

இன்றிரவு உங்கள் பிள்ளையோடு ஒரே ஸஹனில் உட்காருங்கள். உடம்பைப் பற்றி எதுவும் பேசாமல், அன்றைய நாள் எப்படிப் போனது என்று மட்டும் கேளுங்கள். பகிடிக்கும் பட்டப்பெயர் சொல்லாதீர்கள். நம் பிள்ளைகளின் உடலையும் உள்ளத்தையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.